ஓடும் எறும்பை விடுங்கள், நிற்கும் எறும்பைப் பிடியுங்கள்: முசுறு மேக்ரோ, முதல் பாடம்

மேக்ரோ, அதாவது சின்ன உயிர்களை மிக நெருக்கத்தில் பெரிதாகப் படமெடுப்பது, பழகத் தொடங்கும் எல்லோரும் சுவரில் ஓடும் எறும்பின் பின்னால் ஓடுவோம். நூறு படம் எடுத்தால் நூறிலும் ஒரு பழுப்புக் கீற்றல்தான் மிஞ்சும். நானும் ஒரு மாதம் அப்படித்தான் ஓடினேன். பிறகு ஒரு மாமரத்தடியில்தான் புரிந்தது, சில வேலைகளில் எறும்பு அசையாமல் நிற்கும் என்று. அது எந்த வேலை என்று தெரிந்தால் பாதிப் படம் எடுத்த மாதிரி.

1. மரத்தைத் தேடுங்கள்

முசுறு என்றும் முசிறு என்றும் சொல்வார்கள். முயிறு பழைய பெயர். மா, கொய்யா, முந்திரி மரங்களில் பச்சை இலைகளை ஒட்டிப் பந்துபோலக் கூடு கட்டும் செவ்வெறும்பு. பெரிய வேலைக்காரிகள் 8 முதல் 10 மி.மீ. வரை இருப்பார்கள். முதல்முறை எடுப்பவருக்கு இந்த உருவம் தாராளம்.

2. லென்ஸ்

1:1 மேக்ரோ லென்ஸ் (பொருளின் நிஜ அளவிலேயே சென்சாரில் பிம்பம் விழவைப்பது) இருந்தால் நல்லது. இல்லையென்றால், ஒளி நுழையும் துளையைக் கையால் திருகும் வளையமுள்ள பழைய 50 மி.மீ. லென்ஸை, ரிவர்ஸ் ரிங் என்ற இணைப்பு வளையம் போட்டு, முன்பக்கம் கேமராவை ஒட்டும்படி திருப்பி மாட்டுங்கள்.

3. செட்டிங்கும் வெளிச்சமும்

மேனுவல் மோட், 1/200 நொடி, எஃப்/11 (துளையின் அளவு; எண் கூடினால் துளை சுருங்கும்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200, ஃபிளாஷ் 1/8 சக்தியில். வெளிச்சம் போதாவிட்டால் ஃபிளாஷைக் கூட்டுங்கள். 1:1-இல் எஃப்/11 வைத்தாலும் கூர்மையாக விழுவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். பேராசைப்பட்டு எஃப்/22-க்குப் போனால் படம் மொத்தமும் மழுங்கும். எறும்பின் உடல் பளபளப்பானது; ஃபிளாஷ் நேரடியாக விழுந்தால் தலையில் வெள்ளைத் திட்டு வரும். முன்னால் ஒரு டிரேசிங் பேப்பரை வளைத்து ஒட்டினால் சரியாகிவிடும். வெளிச்சத்தை மென்மையாக்க விலை கொடுத்து வாங்கிய டிஃப்யூசரை நான் இப்போது தொடுவதே இல்லை.

4. எங்கே காத்திருப்பது?

புதுக்கூடு கட்டும் கிளைதான் முதல் இடம். ஓர் இலையில் காலூன்றி, அடுத்த இலையின் விளிம்பைத் தாடையால் கவ்வி வரிசையாக நின்று இழுப்பார்கள். இடைவெளி அதிகமென்றால் ஒருத்தி இடுப்பை இன்னொருத்தி கவ்விச் சங்கிலி போடுவார்கள். நிமிடக்கணக்கில் பெரிய அசைவே இருக்காது; நிதானமாக எடுக்கலாம். இலைகள் நெருங்கியதும் புழுப்பருவக் குஞ்சைத் தாடையில் ஏந்தி வருவார்கள். குஞ்சு வாயிலிருந்து விடும் பட்டு நூல்தான் பசை. தறியில் நாடா ஓடுவதுபோல அதை இங்குமங்கும் கொண்டுபோவார்கள். இது கிடைத்தால் மற்றதெல்லாம் அப்புறம்.

கூடு கட்டும் நேரமாக அமையாவிட்டால் மாவுப்பூச்சி அப்பிய தளிரைப் பாருங்கள். அதன் இனிப்புக் கசிவைக் குடிக்க முசுறு அங்கேயே நிற்கும். எதிரெதிரே வரும் இரண்டு எறும்புகள் வாயோடு வாய் வைத்து உணவைப் பகிர்வதும் ஓரிரு நொடி நிற்கும் தருணம்தான்.

5. ஃபோகஸ்

ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் உங்கள் உடலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் கூர்மையாகும் கணத்தில் அழுத்துங்கள். லென்ஸைத் தாங்கக் கிளையையே பிடித்துக்கொள்ளச் சொல்லும் பாடங்கள் உண்டு. மற்ற பூச்சிக்குச் சரி. முசுறுக் கிளையைப் பிடித்தால் அடுத்த நொடி கடித்து, கடிவாயில் அமிலத்தையும் பீய்ச்சும். தனியாக ஒரு கம்பை ஊன்றி அதன்மேல் கையை வையுங்கள். முழுக்கைச் சட்டை கட்டாயம். பையை மரத்தடியில் வைக்காதீர்கள். நான் வைத்து, வீடுவரை எறும்பைக் கூட்டிவந்தேன்.

மூச்சுக்காற்று பட்டாலோ கிளை ஆடினாலோ வாலைத் தூக்கித் தாடையை விரித்து நிற்பார்கள். கம்பீரமான போஸ்தான், ஆனால் அது கோபம். ஒன்றிரண்டு எடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அசையாமல் நிற்கட்டும் என்று எறும்பை ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கும் வேலை நமக்கு வேண்டாம்.

வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கியதும் கால்களை எண்ணுங்கள். எட்டு இருந்தால் அது எறும்பே இல்லை. முசுறுபோல வேடமிட்டு, முன்னங்கால்களை உணர்கொம்புபோல ஆட்டித் திரியும் குதிக்கும் சிலந்தி உங்களிடம் மாட்டியிருக்கிறது.