ஹார்ட் டிஸ்க் ஜம்பரும் செக்டார் அலைன்மென்ட்டும்: சரிபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சாட்டா (மெல்லிய கேபிளில் மாட்டும் வகை) ஹார்ட் டிஸ்க் ஒன்று கையில் இருந்தால் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். கேபிள் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் சிறு பின்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் இரண்டைச் சேர்த்துப் பிடித்தபடி ஒரு குட்டி பிளாஸ்டிக் மூடி செருகியிருந்தால் அதுதான் ஜம்பர். "அது வேகத்தைக் குறைக்கும், பிடுங்கிப் போடு" என்று யாராவது சொல்வார்கள். உள்ளே டேட்டா இருக்கும்போது அதைத் தொடவே தொடாதீர்கள். இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளிலேயே மோசமானது இதுதான்.

ஏன் என்று புரிய 2010 வாக்கில் நடந்த மாற்றத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவரை ஹார்ட் டிஸ்க் டேட்டாவை எழுதும் மிகச் சிறிய துண்டான செக்டார் ஒன்று 512 பைட். அந்தச் சமயத்தில் தயாரிப்பாளர்கள் 4096 பைட் செக்டாருக்கு மாறத் தொடங்கினார்கள். ஆனால் கணினியிடம் மட்டும் "நான் இன்னும் 512தான்" என்று காட்டிக்கொள்ளும்படி டிஸ்க்கைச் செய்தார்கள். ஆக, வெளியே தெரியும் எட்டு செக்டார் சேர்ந்தால்தான் உள்ளே ஒரு செக்டார். விண்டோஸ் எக்ஸ்பியோ முதல் பார்ட்டிஷனை (டிஸ்க்கைப் பிரித்த பகுதியை) 63ஆம் செக்டாரில் ஆரம்பிக்கும். ஒரு டிராக்குக்கு 63 செக்டார் என்ற பழங்காலக் கணக்கின் மிச்சம் அது. 63ஐ எட்டால் வகுத்தால் மீதி 7. பார்ட்டிஷனின் ஒவ்வொரு 4096 பைட் துண்டும் உள்ளே இரண்டு செக்டார்களின் மேல் கால் வைத்து நிற்கும். இப்படிக் கோணலாக நிற்காமல், உள் செக்டாரின் தொடக்கத்தில் நேராக உட்காருவதுதான் அலைன்மென்ட்.

இதற்காக வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் இஏஆர்எஸ் வகை டிஸ்க்குகளில் ஒரு வழி வைத்தது. 7, 8ஆம் பின்களில் ஜம்பர் போட்டால், கணினி கேட்கும் ஒவ்வொரு செக்டார் எண்ணோடும் டிஸ்க் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். 63 கேட்டால் 64. கணக்கு நேராகிவிட்டது.

இப்போது அந்த ஜம்பரைப் பிடுங்கினால் என்ன ஆகும்? கணினி பூஜ்ஜியமாம் செக்டாரில் பார்ட்டிஷன் அட்டவணையைத் தேடும். அது இருப்பதோ ஒரு செக்டார் தள்ளி. "இந்த டிஸ்க் இனிஷியலைஸ் செய்யப்படவில்லை, செய்யட்டுமா?" என்று விண்டோஸ் கேட்கும். பத்து வருடக் குடும்பப் படங்கள் உள்ளே இருக்கும்போது அந்தத் திரையைப் பார்த்தால் வயிறு கலங்கும். பதறி "சரி"யை அழுத்துவதுதான் அடுத்த தவறு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கணினியை முழுவதும் அணைத்து, ஜம்பரைப் பழைய இடத்திலேயே செருகுங்கள். மற்ற எதையும் எழுதாமல் இருந்தால் எல்லாம் அப்படியே திரும்பிவிடும். வெறும் ரீஸ்டார்ட் போதாது. மின்சாரம் அறுந்து மறுபடி வரும்போதுதான் டிஸ்க் ஜம்பரைப் படிக்கும்.

இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு. எக்ஸ்பிக்காகப் போட்ட ஜம்பரை அப்படியே விட்டு, அதே டிஸ்க்கில் விண்டோஸ் 7 அல்லது 10ஐப் புதிதாகப் போடுவது. விஸ்டாவிலிருந்து விண்டோஸ் முதல் பார்ட்டிஷனை 2048ஆம் செக்டாரில், அதாவது சரியாக 1 எம்பியில் வைக்கிறது. அது எட்டால் மீதியின்றி வகுபடும். ஜம்பர் ஒன்றைக் கூட்டினால் 2049. சரியாக இருந்ததை நாமே கெடுத்துவிட்டோம். அலைன்மென்ட் சரிபார்க்கும் மென்பொருளில் பார்த்தாலும் 2048 என்றுதான் தெரியும், பச்சை டிக் விழும். மென்பொருள் பார்ப்பது கணினி கேட்ட எண்ணை. டிஸ்க் உள்ளே எந்த எண்ணில் எழுதியது என்பதை அல்ல. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எக்ஸ்பியில் இரண்டு மூன்று பார்ட்டிஷன் போட்டவர்களுக்கு இந்த ஜம்பர் உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டாவது பார்ட்டிஷன் 16065 செக்டாரின் மடங்கில் தொடங்கும். ஒன்றைக் கூட்டினால் அது பெரும்பாலும் எட்டின் மடங்கில் வந்து விழாது. அப்படிப்பட்டவர்களுக்கென்றே அந்த நிறுவனம் பார்ட்டிஷனை நகர்த்தும் மென்பொருள் ஒன்றைத் தந்தது.

சரி, ஜம்பர் எந்த நிலையில் இருக்கிறது என்று பெட்டியைத் திறக்காமல் தெரிந்துகொள்ள முடியுமா? டிஸ்க்கின் வகையைப் பொறுத்தது. பட்டைக் கேபிள் மாட்டும் பழைய ஐடிஇ டிஸ்க் என்றால் ஓரளவு முடியும். லினக்ஸில் எச்டிபார்ம் கட்டளையை, ஆங்கிலப் பெரிய எழுத்து ஐ சேர்த்து (hdparm -I) ஓட்டினால், டிஸ்க் தரும் தகவலின் கடைசிப் பகுதியில் அதன் எண் 0 அல்லது 1 என்றும், அதை முடிவு செய்தது ஜம்பரா கேபிள் செலக்ட்டா (கேபிளில் மாட்டிய இடமா) என்றும் எழுதியிருக்கும். ஒரே கேபிளில் மாட்டும் இரண்டு டிஸ்க்குகளில் 0 மாஸ்டர் (முதலாவது), 1 ஸ்லேவ் (இரண்டாவது). 80 கம்பிக் கேபிள் மாட்டியிருக்கிறதா என்பதற்கும் அங்கேயே குறிப்பு உண்டு. இவ்வளவு விவரத்தைக் கொடுக்கும் இந்த வழி பலருக்குத் தெரியாமலே போனது வருத்தம்தான்.

சாட்டாவில் மாஸ்டரும் இல்லை, ஸ்லேவும் இல்லை. அங்கே ஜம்பரின் வேலை பெரும்பாலும் வேகத்தை 1.5 ஜிகாபிட்டில் கட்டிப்போடுவது. 3 ஜிகாபிட் டிஸ்க்கோடு பேசத் தெரியாத பழைய மதர்போர்டுகள் இருந்தன. அவற்றுக்காக, கடையிலிருந்து வரும்போதே இந்த ஜம்பர் செருகப்பட்டு வந்த டிஸ்க்குகளும் உண்டு. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் டிரான்ஸ்ஃபர் மோட் என்ற வரியில் இப்போதைய வேகமும் டிஸ்க்கால் முடிந்த வேகமும் அடுத்தடுத்து இருக்கும். முதல் எண் குறைவாக இருந்தால் உடனே ஜம்பர்மேல் பழி போட வேண்டாம். மதர்போர்டின் அந்தப் போர்ட் பழையதாக இருக்கலாம், கேபிள் மோசமாக இருக்கலாம். காரணத்தை மென்பொருள் சொல்லாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். எந்தப் பின்னுக்கு என்ன வேலை என்பதை அந்த மாடலின் லேபிளிலோ தயாரிப்பாளரின் ஆவணத்திலோ பாருங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலில் வேகத்துக்கு 5, 6ஆம் பின்கள். கைதவறி 3, 4இல் செருகினால் கணினி போட்டதும் டிஸ்க் சுழலாமல் காத்திருக்கும். பயாஸில் காணாமல் போய்விடலாம். டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

இனி அலைன்மென்ட். இதில் பலரும் விழும் குழி விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளை. அதில் பார்ட்டிஷன் பட்டியலைப் பார்த்தால் எக்ஸ்பி காலத்துப் பார்ட்டிஷனின் ஆஃப்செட் (தொடங்கும் இடம்) 32 கேபி என்று வரும். 32ஐ நான்கால் வகுத்தால் மீதியில்லை, ஆகவே சரி என்று தோன்றும். உண்மையில் அது 31.5 கேபி. டிஸ்க்பார்ட் முழு எண்ணாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்தப் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து டீடெய்ல் கேட்டால் 32256 பைட் என்ற நிஜ எண் வரும். எப்போதும் பைட் கணக்கிலேயே பாருங்கள். விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் ஸ்டோரேஜின்கீழ் டிஸ்க்ஸ் பகுதியிலும் பார்ட்டிஷன் தொடங்கும் இடம் பைட்டில் கிடைக்கும். 4096ஆல் வகுங்கள். 32256 வகுத்தால் 7.875, எனவே தவறு. 1048576 வகுத்தால் 256, எனவே சரி. விண்டோஸ் 8 முதல் எஃப்எஸ்யூடில் கட்டளையின் செக்டார்இன்ஃபோ இதை "அலைன்ட்" என்று வார்த்தையிலேயே சொல்லிவிடும். லினக்ஸில் பார்ட்டட் கட்டளையின் அலைன்-செக் இதே வேலையைச் செய்யும். எதில் பார்த்தாலும் முதல் பார்ட்டிஷனோடு நிறுத்திவிடாதீர்கள். சி டிரைவ் சரியாக இருந்து டி, இ இரண்டும் கோணலாக இருக்கும் டிஸ்க்குகள் நிறைய உண்டு.

தேவையில்லாமல் பயப்படுவதும் தவறுதான். ஜிபிடி என்ற புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை உள்ள டிஸ்க்கில் 17 கேபியில் தொடங்கும் 128 எம்பி பார்ட்டிஷன் ஒன்று கோணலாகத் தெரியலாம். அது விண்டோஸ் தனக்கென ஒதுக்கி வைத்த வெற்றிடம். அதில் ஃபைல் எதுவும் எழுதப்படுவதில்லை, விட்டுவிடுங்கள்.

யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டுச் சோதிப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பெட்டியின் சிப் நடுவில் உட்கார்ந்து செக்டார் அளவை மாற்றிச் சொல்லலாம். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை எக்ஸ்பியில் ஓடவைக்க, செக்டாரை 4096 என்றே காட்டிய பெட்டிகள் இருந்தன. அதில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கைக் கழற்றி நேரடியாக மதர்போர்டில் மாட்டினால் பார்ட்டிஷன் தெரியாது. முடிவுக்கு வருவதற்கு முன் நேரடியாகச் சாட்டாவில் மாட்டி ஒருமுறை பாருங்கள். அப்படி மாட்டினாலும் டிஸ்க் சொல்வதை அப்படியே நம்பிவிட முடியாது. இஏஆர்எஸ் வகையின் தொடக்கக் காலத்து டிஸ்க்குகள் தங்கள் உள் செக்டாரையே 512 என்று பொய் சொன்னவை. அதை நம்பிய இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் தவறான அளவில் பூலை (டிஸ்க்குகளின் தொகுப்பை) உருவாக்கியது. பின்னால் மாற்ற முடியாத அளவு அது.

வேகச் சோதனையிலும் ஒரு பிழை. பெரிய ஃபைல் ஒன்றைப் படித்துப் பார்த்து "நல்லாத்தானே ஓடுது" என்று முடிவு செய்துவிடுவது. கோணல் பார்ட்டிஷன் படிப்பதை அதிகம் பாதிக்காது. அடி விழுவது சிறுசிறு எழுத்துகளில். இரண்டு செக்டார்களின் மேல் நிற்கும் ஒரு துண்டை எழுத, டிஸ்க் இரண்டையும் படித்து, திருத்தி, தட்டு ஒரு சுற்று முழுவதும் வரும்வரை காத்திருந்து திரும்ப எழுத வேண்டும். 5400 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் உள்ள ஜிப்பை விரித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கோணல் என்று உறுதியானால், பார்ட்டிஷனை இருந்த இடத்திலேயே நகர்த்தும் மென்பொருளைத்தான் பலர் தேடுகிறார்கள். 1 டிபி டேட்டாவை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் ஒருமுறை படிக்கவே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகும். நகர்த்தும்போது படிக்கவும் வேண்டும், எழுதவும் வேண்டும். நடுவில் கரண்ட் போனால் பாதி அங்கே, பாதி இங்கே. எனக்கு அதில் உடன்பாடில்லை. டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு எடுத்து, எடுத்தது திறக்கிறதா என்று பார்த்து, அப்புறம் கணினியை அணைத்து ஜம்பரைச் சரிசெய்து, புதிதாகப் பார்ட்டிஷன் போட்டுத் திரும்பக் கொட்டுவதுதான் பத்திரம். அந்தப் பழைய டிஸ்க்கிலிருந்து படங்களை எடுத்தால் போதும், இனி அதில் எழுதப் போவதில்லை என்றால் ஜம்பர், அலைன்மென்ட் எதையும் தொடாமல் காப்பி செய்துகொண்டு எடுத்து வைத்துவிடுங்கள்.