பொய் கண்டறியும் சோதனைக்குப் போலீஸ் கூப்பிட்டால்

‘பொய் சொல்லலைன்னா மிஷின்ல உட்கார என்ன பயம்?’ என்று பெங்களூரு ஸ்டேஷனில் கேட்டால், ‘எனக்குச் சம்மதமில்லை’ என்று சொன்னால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்த உரிமையை உறுதிசெய்த வழக்கு கர்நாடகத்துடையதுதான்: செல்வி எதிர் கர்நாடக அரசு, உச்ச நீதிமன்றம், 2010 மே 5. பாலிகிராஃப் (பொய் கண்டறியும் கருவி), நார்கோ (மயக்க மருந்து கொடுத்துக் கேள்வி கேட்பது), மூளை அலைச் சோதனை மூன்றையுமே சம்மதமில்லாமல் செய்யக்கூடாது. சந்தேக நபருக்கு மட்டுமல்ல, சாட்சிக்கும் இது பொருந்தும்.

பெங்களூருத் தமிழர்களான நாம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் காகிதத்தில். கன்னடம் சரளமாகப் பேசுவோம், படிக்கத் தெரியாது. டைப் அடித்த தாளை நீட்டி ‘இங்கே ஒரு கையெழுத்து’ என்றால், வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வெற்றுத் தாளிலும், பாதி காலியாக விட்ட தாளிலும் கையெழுத்தோ கைரேகையோ வேண்டாம். போலீஸ் விசாரணையில் சொன்ன வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்கிறது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 181ஆம் பிரிவு. சோதனைக்குச் சம்மதமில்லை என்பதை எழுதித்தரச் சொன்னால் தமிழிலேயே எழுதி, தேதியும் நேரமும் போடுங்கள்.

ஒத்துக்கொள்வதானால், ஸ்டேஷனில் தலையாட்டியது சம்மதமாகாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2000-இல் வகுத்த நெறிகளை உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியிருக்கிறது. சோதனையின் விளைவுகளைப் போலீஸும் வக்கீலும் முதலில் விளக்க வேண்டும். பிறகு மாஜிஸ்திரேட் முன், வக்கீலோடு நின்று சம்மதம் சொல்ல வேண்டும். எத்தனை நாளாக உள்ளே வைத்திருக்கிறார்கள், எப்படி விசாரித்தார்கள் என்பதை மாஜிஸ்திரேட் கணக்கில் எடுக்க வேண்டும். அடி, மிரட்டல், தூங்கவிடாதது எதுவானாலும் அங்கேயே சொல்லிவிடுங்கள். சாதாரண விசாரணையில் வக்கீலைச் சந்திக்கலாமே தவிர முழு நேரமும் கூட வைத்துக்கொள்ள முடியாது (பி.என்.எஸ்.எஸ். 38ஆம் பிரிவு). பாலிகிராஃப் பதிவில் அப்படியல்ல: போலீஸ் சாராத அமைப்புதான் செய்ய வேண்டும், வக்கீலும் இருக்க வேண்டும்.

பாலிகிராஃபில் மாட்டுவது இவை: மார்பிலும் வயிற்றிலும் மூச்சளக்கும் குழாய், கையில் ரத்த அழுத்தப் பட்டை, விரல்களில் வியர்வை உணரும் தகடுகள். கருவி அளப்பது உடம்பின் பதற்றத்தை, பொய்யை அல்ல. நிரபராதியும் நடுங்குவார். கேள்விகளை முன்கூட்டியே படித்துக் காட்டுவார்கள். புரியாததை அப்போதே கேளுங்கள். கருவி மாட்டுவதற்கு முன்னும் கழற்றிய பின்னும் ‘சும்மா’ நடக்கும் பேச்சில்தான் பலர் வாயை விடுகிறார்கள். அங்கே பேசாமல் இருக்கலாம்.

நீங்கள் மனமார ஒத்துக்கொண்டிருந்தாலும் சோதனை முடிவு மட்டும் கோர்ட்டில் சாட்சியமாகாது. ஆனால் அதில் கிடைத்த தகவலை வைத்துக் கத்தியையோ திருட்டு நகையையோ எடுத்துவிட்டால், அந்தக் கண்டுபிடிப்பு செல்லும். முன்பு இது சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ.வின் 23ஆம் பிரிவு. ‘ரிப்போர்ட்தான் செல்லாதே’ என்று அலட்சியமாகப் போய் உட்காராதீர்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையென்றால் வீட்டார் 15100-க்குப் போன் போட்டு இலவசச் சட்ட உதவி கேட்கலாம். மாஜிஸ்திரேட்டிடம் நீங்களே கேட்டாலும் ஏற்பாடு செய்ய வேண்டும்.