கரண்ட் போனாலும் வீடு ஓட வேண்டும்: பெங்களூரு வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு செய்முறை

ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் சாயங்காலம் வானம் கறுத்தால் மழை வருமா என்பது சந்தேகம். கரண்ட் போகும் என்பதில் சந்தேகமே இல்லை. நாங்கள் இருக்கும் அல்சூர்த் தெருவில் தூங்குமூஞ்சி மரங்கள் அதிகம். காற்றில் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால், அதை வெட்டி எடுத்துக் கம்பியை இழுத்துக் கட்டும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்வெர்ட்டர் வாங்குங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. வாடகை வீட்டில் ஒயரிங்கை மாற்ற எல்லா ஓனரும் சம்மதிப்பதில்லை. 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஏறத்தாழ ஐம்பது கிலோ கனக்கும். வீடு மாறும்போதெல்லாம் அதையும் சுமக்க வேண்டும். குறைந்த செலவில் செய்யக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

1. முதலில் தண்ணீர்

மேகம் திரளும்போதே மோட்டாரைப் போட்டு மாடித் தொட்டியை நிரப்பிவிடுங்கள். சம்ப்பில் காவிரி நீர் ததும்பினாலும் கரண்ட் இல்லாமல் மேலே ஏறாது. ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு ஓடும்போது 746 வாட்டுக்கு மேல் வேண்டும். கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். வீட்டு உபயோகத்துக்கான சாதாரண இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களும் இதில் நம்மைப் போலத்தான்.

2. வெளிச்சம்

மெழுகுவர்த்தி வேண்டாம். ஹோல்டரில் மாட்டும் ரீசார்ஜ் பல்பு இரண்டு போதும். ஒன்று அடுப்படிக்கு, ஒன்று கூடத்துக்கு. கரண்ட் போனபின் அது எரிய, சுவர் சுவிட்ச் ஆன் நிலையிலேயே இருக்க வேண்டும்.

3. இணையம்

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் இடம் இதுதான். ரௌட்டருக்கென்றே கையளவில் மினி யூபிஎஸ் (கரண்ட் போனாலும் ரௌட்டரை ஓட்டும் பேட்டரிப் பெட்டி) கிடைக்கிறது. வாங்கும் முன் ரௌட்டர் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். எறும்பு எழுத்தில் 'அவுட்புட் 12 வோல்ட், 1.5 ஆம்பியர்' என்பது போல இருக்கும். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். யூபிஎஸ்ஸின் ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பக்கத்திலேயே நடுப்புள்ளிக்குக் கூட்டல் குறியிட்ட ஒரு சின்னப் படம் இருக்கும். யூபிஎஸ்ஸிலும் அதே படம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பல வீடுகளில் பெட்டி ஒன்றல்ல, இரண்டு: ஃபைபர் வந்து சேரும் பெட்டி, அதையடுத்து வைஃபை ரௌட்டர். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். இரண்டும் 12 வோல்ட் என்றால், ஆம்பியர் கூட்டுத்தொகை யூபிஎஸ்ஸின் அளவுக்குள் அடங்கினால், இரண்டாகப் பிரியும் ஒயர் போட்டுக்கொள்ளலாம். ஒன்று 9 வோல்ட், மற்றது 12 என்றால் ஒரே ஒயரில் மாட்டினால் 9 வோல்ட் பெட்டி பொசுங்கிவிடக்கூடும். ஒவ்வொரு வோல்ட்டுக்கும் தனித்தனித் துளை உள்ள யூபிஎஸ் வாங்குங்கள்.

எங்களைப் படுத்தியது யூபிஎஸ் ஒயரின் முனை. கரண்ட் போகும் நொடியில் ரௌட்டர் அணைந்து, மறுபடி உயிர்பெற இரண்டு நிமிடம் எடுத்தது. அதற்குள் மீட்டிங்கில் நாம் இல்லை. யூபிஎஸ் மேல் குறையில்லை. அதன் ஒயர் முனையின் உள்துளை 2.5 மில்லிமீட்டர், ரௌட்டருக்குள் இருக்கும் ஊசியோ 2.1. செருகினால் உட்காரும், ஆனால் லேசாக ஆடும். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 2.1 முனையுள்ள ஒயர் மலிவாகவே கிடைக்கிறது. மாற்றியதும் தொல்லை தீர்ந்தது. ஒயரை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். ரௌட்டர் விளக்கு மினுக்கினால் உங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

யூபிஎஸ் மேல் போட்டிருக்கும் மில்லிஆம்பியர்-மணி கணக்கு பெரும்பாலும் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கானது. 10,000 என்று போட்டிருந்தால் 37 வாட்-மணி. பத்து வாட் இழுக்கும் ரௌட்டருக்கு இழப்பு போக மூன்று மணி நேரம் தாங்கும். எட்டு மணி நேரம் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எல்லாம் எரிந்தும் இணையம் இல்லையா? வீட்டுக்குள் வருவது ஃபைபரா, லேன் ஒயரா என்று பாருங்கள். லேன் என்றால் மாடிப்படியிலோ மொட்டை மாடியிலோ ஆபரேட்டரின் ஸ்விட்ச் பெட்டி இருக்கும். அதற்குக் கரண்ட் இல்லாவிட்டால் உங்கள் யூபிஎஸ் வீண். மினி யூபிஎஸ் வாங்கும் முன்பே ஆபரேட்டரிடம் கேட்டுவிடுவது உத்தமம்.

4. ஃப்ரிட்ஜ்

கதவைத் திறக்காவிட்டால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். நிறைந்த ஃப்ரீசர் ஏறத்தாழ 48 மணி நேரம், பாதி என்றால் 24. பாலை முதலில் எடுத்துக் காய்ச்சுங்கள். இட்லி மாவு புளித்தால் ஊத்தப்பம், கவலை இல்லை.

5. கரண்ட் திரும்பும்போது

இருட்டைவிட இதற்குத்தான் நான் பயப்படுகிறேன். மூன்று ஃபேஸ் கம்பிகளோடு வரும் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) அறுந்தாலோ தளர்ந்தாலோ, 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400ஐ நெருங்கும் அளவுக்கு ஏறக்கூடும். டிவியும் ஃப்ரிட்ஜும் ஒரே நொடியில் போய்விடும்.

அதனால் கரண்ட் போனதும் ஃப்ரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின் ப்ளக்குகளைப் பிடுங்கிவிடுங்கள். திரும்பி வந்ததும் பல்பைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். எல்ஈடி பல்பு வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எரியும். சாக்கெட்டில் செருகும் டிஜிட்டல் வோல்ட்மீட்டர் சில நூறு ரூபாய்தான். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் இதை வாங்குங்கள். 210க்கும் 250க்கும் இடையில் ஐந்து நிமிடம் நின்றால் முதலில் ஃப்ரிட்ஜ், பிறகு மற்றவை. அதைத் தாண்டினால் மெயினை அணைத்துவிட்டு மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் 1912க்குக் கூப்பிடுங்கள். பில்லில் இருக்கும் கணக்கு எண்ணைக் கேட்பார்கள். பில்லைப் படம் பிடித்துப் போனில் வைத்திருங்கள். தெருவில் கம்பி அறுந்து கிடந்தாலும் இதே எண்தான். அந்தப் பக்கம் தேங்கிய நீரில் கால் வைக்காதீர்கள்.

பின்சேர்க்கை

பவர் பேங்க்கில் ரௌட்டரை ஓட்டலாமா என்று சிலர் கேட்டார்கள். சாதாரண பவர் பேங்க் தருவது 5 வோல்ட். 12 ஆக உயர்த்தும் ஒயர் தனியாக விற்கிறது. அவசரத்துக்கு உதவும். ஆனால் கரண்ட் போனதும் கையால் மாற்றிச் செருக வேண்டும், எனக்குப் பிடிக்கவில்லை.

ஒயிட்ஃபீல்டில் அடுக்குமாடியில் இருக்கும் ஒருவர், ஜெனரேட்டர் ஓடும்போது தன் வீட்டில் மட்டும் கரண்ட் நிற்கிறது என்று எழுதினார். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை வாட்தான் என்று வரம்பு வைத்திருப்பார்கள். அவர் வீட்டில் கீசர் ஆனிலேயே இருந்திருக்கிறது.

இன்னொருவரின் ரௌட்டர், ப்ளக்கைப் பிடுங்கியும் இடியில் போயிற்று. மொட்டை மாடியிலிருந்து வந்த லேன் ஒயர் செம்பு; மின்னலின் தாக்கம் அதன் வழியாகவும் வரும். இடி இடிக்கும்போது அதையும் கழற்றிவிடுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் பாயாது.