ஸ்கேன் நார்மல்தான், பிள்ளை நார்மலா?

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஓர் அப்பா, முந்தின நாள் தலை மோதி விழுந்த மகனோடு ஸ்கேன் கவரை ஆட்டிக்கொண்டே மைதானத்துக்கு வந்தார். "எல்லாம் நார்மல் மாஸ்டர், ஆடட்டும்." ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொன்னேன். திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத மயக்கம் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது, தலையில் அடிபட்ட பிள்ளை விஷயத்தில் நாம் செய்யும் மற்ற தவறுகளை.

ஸ்கேனை நம்பி மைதானத்துக்கு அனுப்புவது

சிடி ஸ்கேனில் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். கன்கஷன் என்கிற மூளை அதிர்ச்சியில் பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. மூளை குலுங்கி அதன் வேலை கொஞ்ச நாள் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் படத்தில் விழாது.

என்னிடம் 12 வயதுக் கோல்கீப்பர் ஒருத்தி இருந்தாள். கம்பத்தில் தலை இடித்தது, ஸ்கேனில் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் நானே கிளவுஸ் மாட்டிவிட்டேன். நேராக வந்த பந்துக்கே அவள் கை தாமதமாகத்தான் போனது. சோம்பேறித்தனம் என்று கத்தினேன். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள், டியூப்லைட் போட்டால் கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று அவள் அம்மா சொன்னது அப்புறம்தான். தலைவலி இரண்டு மாதம் இழுத்தது, காலாண்டுப் பரீட்சையும் போயிற்று. நல்லவேளை, மறுபடி அடிபடவில்லை. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொன்று விழுந்தால், அபூர்வமாக மூளை வீங்கி உயிரே போகலாம். இன்றைக்கும் அந்தக் கவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

"மயங்கவே இல்லையே"

கன்கஷன் ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் மயங்குவதில்லை.

அன்றைக்கே மறுபடி இறக்குவது

ஃபைனலாக இருந்தாலும் கூடாது.

இருட்டறையில் படுக்கவைப்பது

பயந்த பெற்றோர் செய்வது இது. ஓய்வு முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குத்தான். அப்போதும் வீட்டுக்குள் லேசாக நடமாடலாம், செல்போன் மட்டும் குறைய வேண்டும். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய கன்கஷன் நிபுணர்களும் முழு ஓய்வு வேண்டாம் என்றே முடிவுசெய்தார்கள். அப்புறம் நடை, பள்ளிக்கூடம், மெல்ல ஓட்டம். முட்டிமோதும் ஆட்டம் டாக்டர் சரி என்ற பிறகுதான்.

தூங்கவிடாமல் உலுக்குவது

டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாரா? தூங்கட்டும்.

வீட்டிலிருக்கும் ஆஸ்பிரினைக் கொடுப்பது

வேண்டவே வேண்டாம்.

அந்த அப்பாவோடு வாதாடவில்லை. பையனை என் பக்கத்தில் பெஞ்சில் உட்காரவைத்தேன். பத்து நிமிடத்தில், கண் கூசுகிறது என்று என் தொப்பியைக் கேட்டான்.