18 முடிந்த பிள்ளைக்கு ரெஸ்பிட் கேட்கும்போது கௌரவம் பார்க்காதீர்கள்

இங்கிலாந்துக்கு வேலை விசாவில் வரும் நம்மவர்கள் பள்ளிக்கூடம், வாடகை வீடு, கோயில், மளிகைக் கடை எல்லாம் விசாரித்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளையோடு வருகிறவர்கள் கூட சிறப்புப் பள்ளி எங்கே இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு 18 முடிந்த பிறகு என்ன என்று கேட்பவர்கள் குறைவு. என் தோழியின் குடும்பம் அதில் பட்ட அவதியைக் கூடவே இருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

ரெஸ்பிட் என்று இங்கே சொல்வது, பராமரிக்கிறவர் கொஞ்சம் மூச்சு விடுவதற்கான ஏற்பாடு. பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கும் ஒரு சிறிய வீட்டில் பிள்ளை சில இரவுகள் தங்கலாம். பகலில் ஒருவர் வந்து வெளியே கூட்டிப்போகலாம். ஷேர்டு லைவ்ஸ் என்ற திட்டத்தில் ஒரு குடும்பத்தோடு போய்த் தங்கவும் வழி உண்டு. ஊரில் இதற்கென்று தனியாக ஏற்பாடு தேவைப்படவில்லை. கல்யாணம், காரியம் என்றால் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போவோம், பக்கத்து வீட்டு அக்கா ஒரு கண் வைத்துக்கொள்வார். இங்கே ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட ஒரு ஆள் இல்லை. எனக்கு ஊர் ஞாபகம் அதிகம் வருவது பொங்கல், தீபாவளிக்கு அல்ல, இந்த மாதிரி நேரத்தில்தான்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 18 வரை கவுன்சிலின் (உள்ளாட்சி நிர்வாகத்தின்) குழந்தைகள் பிரிவு பார்க்கும், அதற்கு மேல் பெரியவர்களுக்கான பிரிவு. பழைய இடத்தில் கிடைத்த நேரம் அப்படியே தொடரும் என்று நம்பி இருக்காதீர்கள். 18 ஆவதற்கு முன்பே, பெரியவர்கள் பிரிவுக்கு மாறும்போது என்ன தேவை என்று மதிப்பிடும் டிரான்சிஷன் அசெஸ்மென்ட் கேளுங்கள், 16, 17 வயதிலேயே கேட்பது நல்லது. 2014-ஆம் ஆண்டின் கேர் ஆக்ட் சட்டப்படி பிள்ளைக்கு ஒரு அசெஸ்மென்ட், பராமரிக்கும் உங்களுக்குத் தனியாக கேரர்ஸ் அசெஸ்மென்ட் என இரண்டும் உண்டு. இரண்டையும் கேளுங்கள். போனில் பேசினாலும் அன்றே ஒரு இமெயில் அனுப்பிவிடுங்கள், தேதி பதிவாக இருக்கும். ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) சொல்லி அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் பதிவேட்டில் பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிட்டால், 14 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு உடல் பரிசோதனையும் கிடைக்கும். இதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும், ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு.

ஊரில் கலெக்டர் தலைமையிலான குழுவிடம் வாங்கிய சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்றிதழைப் பத்திரமாகக் கொண்டுவந்திருப்பீர்கள். அதை மட்டும் நம்பி இங்கே காரியம் ஆகும் என்று நினைக்க வேண்டாம். 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, 18 ஆன பிள்ளைக்காகப் பெற்றோர் என்ற ஒரே காரணத்தால் கையெழுத்துப் போட முடியாது. பிள்ளையால் தானே முடிவெடுக்க முடியாதபோது உங்களைக் கலந்து பேசுவார்கள், முடிவு பிள்ளையின் நலனை வைத்து எடுக்கப்படும்.

விசா பயம் வேறு. விசாவில் பொது நிதி (அரசு உதவித்தொகைகள்) கிடையாது என்ற நிபந்தனை இருக்கிறதே, ரெஸ்பிட் கேட்டால் நாளை நிரந்தர வசிப்பு உரிமை போய்விடுமே என்று யாராவது வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடுவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான பிஐபி, பராமரிக்கிறவர்களுக்கான கேரர்ஸ் அலவன்ஸ், வருமானம் குறைந்தவர்களுக்கான யுனிவர்சல் கிரெடிட் இதெல்லாம் அந்தப் பொது நிதிப் பட்டியலில் உள்ளவை, அந்த நிபந்தனை இருக்கும்வரை தொடாதீர்கள். கவுன்சிலின் சமூகப் பராமரிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. முறையான விசாவில் இருக்கிறவர் அசெஸ்மென்ட் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

இப்போது என் தோழியின் கதைக்கு வருகிறேன். அவள் நர்ஸ், இரவு ஷிப்ட். மகனுக்கு ஆட்டிசம், பேச்சு கிடையாது, தூக்கமும் சரியாகக் கிடையாது. கவுன்சிலின் சோஷியல் வொர்க்கர் அசெஸ்மென்ட்டுக்காக வீட்டுக்கு வரும் நாளில் அவள் வீட்டைத் துடைத்து வைத்தாள், மகனுக்கு நல்ல சட்டை போட்டுவிட்டாள், வடையும் டீயும் கொடுத்தாள். பையனும் அன்றைக்கென்று அமைதியாக உட்கார்ந்திருந்தான். "ராத்திரியில் எப்படி?" என்று கேட்டார்கள். "எங்கள் பிள்ளைதானே, நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். அதில் என்ன தவறு என்று யார் கேட்டாலும் நானும் அவள் பக்கம்தான் நிற்பேன்.

சில வாரம் கழித்து அறிக்கை வந்தது. தேவைகள் இருப்பதை ஒப்புக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒரு வரி: பெற்றோர் எல்லாவற்றையும் தொடர்ந்து செய்ய விருப்பமும் திறனும் உள்ளவர்கள். அவ்வளவுதான், ஒரு இரவு கூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு ஆபரேஷன் வந்தது. கணவர் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார். தையல் பிரியாமல் இருக்க வேண்டியவள் மகன் வெளியே போய்விடாமல் நள்ளிரவில் எழுந்து வாசல் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்க்காமலா போனார்?

சட்டம் வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பிள்ளைக்குத் தேவை உண்டா என்று பார்க்கும்போது நீங்கள் செய்யும் உதவியைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆனால் கவுன்சில் எதைக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது, நீங்கள் விரும்பிச் செய்வதை அது கழித்துக்கொள்ளலாம். அதனால் உங்கள் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாமே போய்விடும். 18 ஆன பிள்ளையைப் பராமரிக்கும் சட்டக் கடமை பெற்றோருக்கு இங்கே கிடையாது. நீங்கள் இப்போது செய்ய முடிகிறதா என்பதோடு, தொடர்ந்து செய்ய முடியுமா, விருப்பமா என்றும் அவர்கள் கேட்டாக வேண்டும். "பகலில் பார்த்துக்கொள்கிறோம், ராத்திரி முடியவில்லை, எனக்குத் தூக்கம் வேண்டும்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் பாசம் குறைந்துவிட்டதாக யாரும் எழுதிவைக்கப் போவதில்லை.

ஊரில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு மெடிக்கல் போர்டு முன்னால் போகும்போது, சதவீதம் குறைந்துவிடக் கூடாதே என்று எல்லாக் கஷ்டத்தையும் சொன்னவர்கள்தானே நாம். இங்கே அதிகாரி நம் சோபாவில் உட்கார்ந்து டீ குடித்ததும் அவர் விருந்தாளி ஆகிவிடுகிறார், விருந்தாளியிடம் வீட்டுக் குறையை எப்படிச் சொல்வது என்று வாய் மூடிக்கொள்கிறது. அங்கேதான் இடறுகிறோம்.

தோழிக்குக் கடைசியில் கைகொடுத்தது ஒரு பழைய டைரி. படுக்கைக்குப் பக்கத்தில் வைத்து ராத்திரி நடந்ததை அப்படியே எழுதினாள். "1.40, எழுந்து குழாயைத் திறந்தான், பாத்ரூம் தரை முழுக்கத் தண்ணீர். 3.10, வாசல் கதவுப் பூட்டை இழுத்தான். 3.30 முதல் 5 வரை கையைக் கடித்துக்கொண்டான், பிடித்துக்கொண்டிருந்தேன்." அதோடு தன் ஆபரேஷன் கடிதத்தையும் இணைத்து, நிலைமை மாறிவிட்டது, மறுபரிசீலனை வேண்டும் என்று எழுதிக் கேட்டாள். மாதாமாதம் சில இரவுகளும், பராமரிப்பை நாமே ஏற்பாடு செய்துகொள்ளக் கவுன்சில் பணமாகத் தரும் டைரக்ட் பேமென்ட் கொஞ்சமும் கிடைத்தன. கவுன்சில் மறுத்தால் முதலில் அங்கேயே புகார், அதன் பிறகு இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஆம்பட்ஸ்மன். விஷயம் தெரிந்த 12 மாதத்துக்குள் போக வேண்டும் என்பது பொது விதி. ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். கூடப்பிறந்த தங்கையை உட்கார வைத்து அண்ணனைப் பற்றி மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள், அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் கொடுமை.

கட்டண விஷயத்தில் உங்கள் சம்பளத்தையும் வீட்டையும் பார்க்க மாட்டார்கள், பிள்ளையின் வருமானத்தையும் சேமிப்பையும்தான் பார்ப்பார்கள். சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் அவன் தலையில்தான். ஊரில் அவன் பெயரில் போட்ட பிக்சட் டெபாசிட்டும் அதில் சேரும். அசெஸ்மென்ட் நேரத்தில் அவசரமாகப் பெயரை மாற்றினால் வேண்டுமென்றே குறைத்ததாக எடுத்துக்கொள்வார்கள். முன்கூட்டியே டிரஸ்ட் பற்றித் தெரிந்த வக்கீலிடம் பேசுங்கள்.

இடம் கிடைத்ததும் முதல் நாளே ராத்திரி விட்டுவிடாதீர்கள். முதலில் சாயங்காலம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரட்டும், அப்புறம் ஒரு இரவு. ஒரு பக்கத்தில் அவனைப் பற்றி எழுதிக் கொடுங்கள். ரசம் சாதத்தைக் கையால்தான் சாப்பிடுவான், முள்கரண்டி கொடுத்தால் தட்டைத் தள்ளிவிடுவான், அது பசியில்லை என்று அர்த்தமில்லை என்பது வரைக்கும் எழுதுங்கள். தோழியின் மகன் முதல் தடவை தங்கியபோது இதை எழுதாததால் சாப்பிட மறுத்தான் என்று குறித்துவைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தின் ஒரு நகலைக் கவுன்சிலுக்கும் கொடுத்து, உங்களுக்குத் திடீரென்று உடம்புக்கு வந்தால் யார் வருவார்கள், பிள்ளை எங்கே போவான் என்ற அவசரத் திட்டத்தையும் கேரர்ஸ் அசெஸ்மென்ட்டிலேயே எழுதவைத்துவிடுங்கள்.