இரண்டு ஐஆர்எஃப்510, ஒரு நல்ல கோர்: பிராட்பேண்ட் ஆம்ப் கட்டலாம்

ஒன்றிரண்டு வாட் தரும் ஹெச்எஃப் (சிற்றலை) ரேடியோ செட் இருக்கிறது, 3.5 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை ட்யூனிங் இல்லாமல் பத்து, பதினைந்து வாட் வேண்டும். இந்த ஆம்ப்ளிஃபயருக்கு ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட் (கேட், ட்ரெய்ன், சோர்ஸ் என மூன்று கால் உள்ள ட்ரான்சிஸ்டர்) இரண்டு போதும், புஷ்-புல்லாக, அதாவது மாறி மாறி வேலை செய்யும்படி. ஸ்விட்ச்சிங் வேலைக்கு வந்த மலிவுச் சரக்குதான். ஆனால் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் ரேடியோ செட்களில் இதுதான் ஃபைனல் (கடைசி பவர் கட்டம்) என்பதால் நம் ஹாம்களுக்கு (அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு) நன்கு பழக்கம்.

ஆம்ப் பிராட்பேண்டாக இருப்பது மாஸ்ஃபெட்டால் அல்ல, ட்ரான்ஸ்ஃபார்மரால். பழைய சார்ஜரில் கழற்றிய, என்ன மெட்டீரியல் என்றே தெரியாத ஃபெரைட்டில் சுற்றிவிட்டு மாஸ்ஃபெட்டைத் திட்டுவதில் பயனில்லை. அவுட்புட்டுக்கு நான் வைப்பது பிஎன்43-3312 பைனாகுலர் (இரட்டைத் துளை) ஃபெரைட் கோர். கணக்கு எளிது: 13.8 வோல்ட்டில் இரண்டு ட்ரெய்னுக்கும் நடுவே 12.5 ஓம் வைத்தால் தாளில் முப்பது வாட் அளவு வரும், கையில் குறையும். அந்த 12.5-ஐ 50 ஆக்க 1:2 சுற்று. இரண்டு துளையிலும் பித்தளைக் குழாய் செருகி ஒரு முனையில் இணைத்தால் ப்ரைமரி ஒரு சுற்று. அதன் உள்ளே டெஃப்லான் வயரில் இரண்டு சுற்று செகண்டரி. ட்ரெய்ன் சப்ளைக்குத் தனியாக பைஃபைலார் (இரு வயரைச் சேர்த்துச் சுற்றிய) சோக் போடுங்கள்.

கேட் பக்கம்தான் தொல்லை. 180 பிகோஃபாரட் இன்புட் கெபாசிட்டன்ஸ் 3.5 மெகாஹெர்ட்ஸில் 250 ஓம், 30-இல் வெறும் 30 ஓம். மேல் பேண்டுகளில் கெயின் சரிவது இதனால்தான். ட்ரெய்னிலிருந்து கேட்டுக்கு 220 ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் தொடராக வைத்தால் கீழ் பேண்டுகளின் மிதமிஞ்சிய கெயின் அடங்கும். ஆம்ப் தானே ஊளையிடுவதும் குறையும். சோர்ஸ் காலை ஒட்ட வெட்டி நேரே கிரவுண்டில் சால்டர் செய்யுங்கள்.

மெட்டல் டேப்தான் ட்ரெய்ன் என்பதால் ஹீட் சிங்க்குக்கு நடுவே மைக்கா கட்டாயம்.

பயாஸை (சிக்னல் இல்லாதபோதும் கேட்டில் நிற்கும் வோல்டேஜை) அவசரப்படாமல் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி பிரீசெட். டம்மி லோடு (ஏரியலுக்குப் பதிலாக 50 ஓம் ரெசிஸ்டர்) மாட்டி, இரண்டையும் பூஜ்யத்தில் வைத்து, கரண்ட் லிமிட் உள்ள சப்ளையில் ஆன் செய்யுங்கள். முதலாவதை 100 மில்லிஆம்பியருக்கு ஏற்றி, அப்புறம் அடுத்ததையும் ஏற்றினால் மொத்தம் 200. சூடேறினால் த்ரெஷோல்ட் (மாஸ்ஃபெட் கடத்தத் தொடங்கும் கேட் வோல்டேஜ்) இறங்கிக் கரண்ட் தானே ஏறும். அதனால் பயாஸ் லைனில் ஒரு 1என்4148 டயோடை ஹீட் சிங்க்கில் ஒட்டிவிடுங்கள்.

லோ-பாஸ் ஃபில்டர் இல்லாமல் ஏரியலைத் தொடாதீர்கள். புஷ்-புல் இரட்டைப்படை ஹார்மானிக்குகளை (அலைவரிசையின் 2, 4 மடங்கில் வரும் வேண்டாத சிக்னல்களை) ஓரளவு அடக்கும், மூன்றாவதை விட்டுவிடும். 7-இல் பேசினால் 21-இலும் கேட்கும். பேண்டுக்கு ஒரு ஃபில்டர், ரிலே வைத்து மாற்றலாம். லைசென்ஸ் வரவில்லையா? டம்மி லோடோடு நிறுத்துங்கள்.

முதல் முறை ஏர் போகும்போது நண்பர் ஒருவரை 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளிக் கேட்கச் சொல்லுங்கள். அங்கேயும் கரகரத்தால் வாட் மீட்டரைப் பார்க்காமல் ட்ரைவைக் (உள்ளே கொடுக்கும் பவரைக்) குறையுங்கள்.