பேக்கிங் பேப்பர் தீர்ந்த ராத்திரியில் டின்னுக்குள் எதைப் போடக் கூடாது

தீபாவளி ஆர்டர் நேரத்தில் பேக்கிங் பேப்பர் ரோல் தீர்ந்துபோனது ராத்திரி பத்து மணிக்குத்தான் தெரியவரும். மாவு கலக்கியாச்சு, ஓவனும் 170 டிகிரிக்கு ஏறியாச்சு. அந்த அவசரத்தில் கைக்கு எது கிடைக்கிறதோ, அதில்தான் வினை ஆரம்பிக்கும். டின்னுக்கு எண்ணெய் தடவ மறப்பது, தாளைச் சுருக்கத்தோடு போடுவது போன்றவை இரண்டாவது கேக்கிலேயே தானாகச் சரியாகிவிடும். கீழே இருப்பவை அவ்வளவு லேசில் விடாது.

நாசி லெமாக் தாளை ஓவனுக்குள் விடுவது

வெளிப்பக்கம் பழுப்பு, உள்பக்கம் பளபளப்பு. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைக் கட்ட மளிகைக் கடையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும் அந்தப் பொட்டலத் தாள் மலேசியத் தமிழ் வீடுகளில் அநேகமாக எல்லா அடுக்களையிலும் இருக்கும். சம்பால் என்ற மிளகாய்த் தொக்கின் எண்ணெயையே தாங்குகிறதே, கேக்கைத் தாங்காதா என்று தோன்றுவது இயல்புதான்.

நடப்பது இது. கோலாலம்பூர் செந்தூலில் புதிதாக ஆர்டர் எடுக்க ஆரம்பித்த ஒரு தங்கை, 20 செ.மீ. சதுர டின்னில் இந்தத் தாளைப் பளபளப்புப் பக்கம் மேலே இருக்கும்படி போட்டு, 250 கிராம் பட்டர் சேர்த்த கேக் மாவை ஊற்றுகிறார். கால் மணி நேரத்தில் பிளாஸ்டிக் பை கருகும் வாடை. ஓவன் பழசு என்று விட்டுவிடுகிறார். ஆறியதும் தாளை உரித்தால் பழுப்புக் காகிதம் மட்டும் கையோடு வருகிறது. பளபளப்புத் தோல் கேக்கின் அடியிலேயே தங்கிவிடுகிறது. அதைக் கத்தியால் சுரண்டி, ஐசிங் பூசி, ஆர்டர் கொடுத்தவருக்கே அனுப்பிவிடுகிறார். எரிச்சல் மூட்டுவது அந்தக் கடைசிக் காரியம். பட்டரும் முட்டையும் வீணானால் காசு போச்சு, அவ்வளவுதான். பிளாஸ்டிக் உருகிய கேக்கை இன்னொருவர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. அப்படியே குப்பையில் போட வேண்டியது அது.

அந்தப் பளபளப்பு பெரும்பாலும் பாலித்தீன் பூச்சு. சுமார் 105 முதல் 115 டிகிரிக்குள் அது உருகிவிடும். “கேக்கின் நடுப்பகுதி 98 டிகிரியைத் தாண்டாதே” என்று சிலர் வாதாடுவார்கள். நடுப்பகுதிக்கு அது சரி. ஆனால் தாள் இருப்பது டின்னின் தகரத்தை ஒட்டி. கேக்கின் அடி பொன்னிறமாகச் சிவந்திருப்பதே அங்கே 100 டிகிரி தாண்டிவிட்டதற்குச் சாட்சி. ஆவியில் வெந்த இட்லி என்றைக்காவது சிவந்திருக்கிறதா?

மெழுகுத் தாளின் கதையும் இதேதான், இன்னும் மோசம். பாரஃபின் மெழுகு 50, 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். சூடான ஓவனில் புகையும். ஓவனே இல்லாமல் ஃபிரிட்ஜில் இறுகும் ‘கேக் பாத்திக்’ என்ற சாக்லேட் பிஸ்கட் கேக்குக்குக் கீழே போட அது தோதானதுதான். அதற்கும் சாக்லேட் கலவை நன்றாக ஆறிய பிறகே ஊற்ற வேண்டும்.

குழப்பத்துக்குப் பெயரும் ஒரு காரணம். மலாயில் கெர்தாஸ் மின்யாக் (எண்ணெய்த் தாள்) என்று கேட்டால் ஒரு கடையில் சிலிக்கான் பூசிய பேக்கிங் பேப்பர் வரும், இன்னொரு கடையில் எண்ணெய் ஊறாத வெறும் தாள் வரும். பெயரை நம்பாமல் தாளையே சோதியுங்கள். ஓரத்தை மெதுவாகக் கிழித்தால் கிழிசலில் மெல்லிய ஜவ்வு இழுபட்டு நீள்கிறதா? பிளாஸ்டிக். நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழுந்து நகத்தில் பிசுபிசுப்பு ஒட்டுகிறதா? மெழுகு. இரண்டும் இல்லையென்றாலும் பெட்டியில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்ற எண்ணைத் தேடுங்கள். நல்ல பேக்கிங் பேப்பரில் 220 டிகிரி வாக்கில் போட்டிருக்கும். எண்ணே இல்லாத தாள் ஓவனுக்கு வேண்டாம்.

எண்ணெய் ஊறாத தாள் ஒட்டாது என்று நம்புவது

எண்ணெய் வெளியே கசியாது என்பதுதான் அதன் குணம். ஒட்டாமல் இருக்கச் சிலிக்கான் பூச்சு வேண்டும், அது இதில் இல்லை. மாவு படும் பக்கம் முழுக்க மெல்லிசாக நெய்யோ எண்ணெயோ தடவினால் கேக்குக்குத் தாராளமாகப் போதும்.

அலுமினியத் தாளை அப்படியே விரிப்பது

கசங்கிய ஒவ்வொரு மடிப்பிலும் மாவு புகுந்து வெந்துவிடும். உரித்தால் மடிப்போடு கேக்கும் வரும். டின்னைக் கவிழ்த்து, அதன் வெளிப்புறத்தின் மேல் தாளை அழுத்தி வடிவம் கொடுத்து, பிறகு உள்ளே இறக்குங்கள், மடிப்பு விழாது. எண்ணெய் கட்டாயம். பளபளப்புப் பக்கமா, மங்கலான பக்கமா என்ற சர்ச்சை சாதாரணத் தாளுக்கு வீண். அன்னாசி ஜாம் நேரடியாகப் படும்படி மட்டும் வைக்காதீர்கள், புளிப்பு அலுமினியத்தை அரிக்கும்.

பட்டர் கேக்குக்கு வாழையிலை

சௌகிட் சந்தையில் வாங்கிய இலை பிங்கா என்ற மரவள்ளிக்கிழங்குப் பலகாரத்துக்கு அருமை. தண்டை நீக்கி, தீயில் வாட்டி, பளபளப்புப் பக்கத்தில் தேங்காயெண்ணெய் தடவிப் போட வேண்டும். வாட்டாத இலை மடிக்கும்போதே கிழிந்துவிடும். பட்டர் கேக்குக்குப் போட்டால் இலையின் ஈரத்தில் அடி நமத்து, வெனிலாவுக்குப் பதில் இலை வாசம்தான் வரும்.

சிலிக்கான் விரிப்பை டின் அளவுக்கு வெட்டுவது

வெட்டாதீர்கள். பெரும்பாலானவற்றின் உள்ளே கண்ணாடி இழை இருக்கிறது, வெட்டினால் அது வெளியே வந்து கேக்கில் சேரும்.

பழைய செய்தித்தாள்

வேண்டாம். மேசை ஓவனில் ஓரம் நீட்டிக்கொண்டு கம்பியில் பட்டால் தீப்பிடிக்கும்.

ஷிஃபான் டின்னுக்கு எதையாவது தடவுவது

எதையும் தடவக் கூடாது. டின்னின் சுவரைப் பிடித்துத்தான் ஷிஃபான் கேக் மேலே ஏறும்.

உருக்கிய பட்டரைத் தடவி மாவு தூவுவது

உண்மையில் தாளே இல்லாமல் சமாளிக்கலாம், தடவுகிற பொருள் சரியாக இருந்தால். உருக்கிய பட்டர் சுவரில் நிற்காமல் அடியில் வழிந்து தேங்கிவிடும். போதாததற்கு அதில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர், கொஞ்சம் பால் திடப்பொருளும் உண்டு, ஒட்டவைப்பவை அவைதான். நம் ஊர் 30 டிகிரி வெக்கையில் பட்டரும் நெய்யும் தடவும்போதே இளகிவிடுவதால் ஷார்ட்டனிங் என்ற கெட்டிக் கொழுப்புதான் கைகொடுக்கும். ஷார்ட்டனிங், சமையல் எண்ணெய், கோதுமை மாவு மூன்றையும் அரை கப் வீதம் கட்டியில்லாமல் அடித்து ஒரு போத்தலில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். 23 செ.மீ. டின்னுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். மூலைகளில் பிரஷ்ஷால் இரண்டு முறை தடவுங்கள். சாக்லேட் கேக் என்றால் மாவுக்குப் பதில் கோக்கோ, இல்லாவிட்டால் ஓரமெல்லாம் வெள்ளைத் திட்டு தெரியும்.

வெந்ததும் 10 நிமிடம் ஆறவிட்டுக் கவிழ்க்க வேண்டும். மறந்துபோய் ஒரு மணி நேரம் கிடந்தால் கொழுப்பு இறுகி கேக்கைப் பிடித்துக்கொள்ளும். அப்போது கத்தியை எடுக்காமல், டின்னின் அடியைச் சின்னத் தீயில் பத்து வினாடி சுற்றிக் காட்டிவிட்டுக் கவிழ்த்தால் கழன்று வந்துவிடும்.